பீரானிக்காவின் அருவி

காஜி ஓதுவதோடு ஒரு நிக்காஹ் பாதிதான் முடிகிறது. மீதிப் பாதி கல்யாண வீடியோக்காரர் பீரானிக்காவின் கம்ப்யூட்டருக்குள் நடந்து, டிவிடியாக வெளியே வந்து விழுந்த பிறகுதான் அந்த ஆணும் பெண்ணும் புருஷன் பெண்டாட்டி. அவர் ஒரு வாரம் ஸ்டுடியோவைச் சாத்தினால் போதும், வளைகுடா முழுக்க மலப்புறத்துக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து அழுவார்கள். எண்ணெய்க் கிணறுகள் நின்றுபோகும். உலகத்தில் ஒரு வண்டி ஓடாது.

இதைச் சொன்னது வேறு யாருமில்லை, பீரானிக்காதான். ஹர்த்தால் நாள் காலை வரைக்கும் ஊரும் ஒருவிதமாகத் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்குக் கொண்டோட்டிப் பக்கம் ஒரு பஸ் இல்லை, ஒரு கடை இல்லை. ஸ்டுடியோவின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குஞ்ஞாமினா குனிந்து உள்ளே நுழைந்து, மாப்பிள்ளைகளுக்குப் படம் எடுக்கும் சிம்மாசன நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"ஆச்சா, பீரானிக்கா?"

"ஆயிட்டிருக்கு. தொண்ணூறு சதவீதம்."

"காலைல வந்தப்பவும் தொண்ணூறுன்னுதானே சொன்னீங்க?"

"அது வேற தொண்ணூறு."

கம்ப்யூட்டருக்குள் டிவிடி எழுதும் ரைட்டர் பல்லைக் கடிப்பதுபோலக் கர்ரென்று ஒரு சத்தம் போட்டது. பிறகு தட்டை நாக்குபோல வெளியே நீட்டியது. எழுத முடியவில்லை என்று திரையில் சிவப்பாக ஒரு வரி. பீரானிக்கா அந்த டிவிடியை எடுத்து ஜன்னல் வழியாக வீசினார். வெளியே அது எங்கே விழுந்தாலும் வீணாகாது. ஊரில் பாதி வாழைத்தோட்டங்களில் கிளியை விரட்டக் கட்டித் தொங்குவது யாருடைய கல்யாணம் என்று யாருக்கும் தெரியாது.

குஞ்ஞாமினாவின் அவசரம் அவருக்குத் தெரியாததல்ல. அவள் புருஷன் செய்தலவி சவூதியில், தமாமில் ஒரு கம்பெனி கேம்ப்பில் சமையல் வேலை. பெற்ற உப்பாவுக்கு ஒரே மகள் ஷம்னாவின் கல்யாணத்துக்கே லீவு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு மானு சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் விமானம் ஏறக் கிளம்புகிறான். அவன் பையில் மாட்டிறைச்சி வறுவலுக்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் நடுவில் இந்த டிவிடி போயாக வேண்டும். இதை விட்டால் அந்தப் பக்கம் போக ஆள் கிடைப்பது பெருநாளுக்குப் பிறகுதான்.

போன வருஷம் நிச்சயத்தின் டிவிடியும் இதே ஸ்டுடியோவிலிருந்துதான் போனது. கிடைத்ததும் செய்தலவி போன் செய்தார். "பாத்தேன். ரொம்ப நல்லா இருந்துச்சு."

"மோளுக்கு அந்தக் கலர் எப்படி இருந்துச்சு?" என்று குஞ்ஞாமினா கேட்டாள்.

"எல்லாக் கலரும் இருந்துச்சு" என்றார் அவர்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. படம் ஓடவில்லை. கட்டம் கட்டமாக உறைந்துபோன ஒரு திரையைப் பார்த்துவிட்டு மனுஷன் நல்லா இருந்தது என்கிறார். அதை அவள் பீரானிக்காவிடம் சண்டையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து அவருக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயம்.

இன்று சனியன் பிடித்தது காலி டிவிடிகளுக்கு. கோழிக்கோட்டில் மொத்தமாக வாங்கிய டப்பா, மேலே பெரிய கம்பெனியின் பேர். உள்ளே இருப்பது எந்தக் கொட்டகையில் வார்த்ததோ. ஒன்று எழுதும், அடுத்தது எழுதாது. எழுதியது கம்ப்யூட்டரில் ஓடும், வீட்டுப் பெட்டியில் ஓடாது. பீரானிக்கா வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். ரைட்டரின் லென்ஸை அத்தர் பஞ்சால் துடைத்துப் பார்த்தார். ரைட்டர் மணத்தது, வேறு மாற்றமில்லை. தம்பி வீட்டிலிருந்து இன்னொரு ரைட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டினார். அதுவும் கர்.

ஒன்று மட்டும் முழுசாக எழுதி முடித்தது. சந்தோஷத்தில் அதன்மேல் வழக்கம்போல மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்கும் வட்டப் படத்தை ஒட்டி, பக்கத்தில் கோயாமுவின் டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்.

கோயாமுவின் கடையில் ஒரு சீனப் பெட்டி இருக்கிறது. மாவட்டத்திலேயே மகா மட்டமான பிளேயர். அதில் ஓடிவிட்டால் உலகத்தில் எதிலும் ஓடும் என்பது பீரானிக்காவின் கணக்கு. அதனால் ஊர்க் கல்யாணம் அத்தனையும் முதலில் பார்ப்பது டீக்கடை பெஞ்சுகள்தான். ஹர்த்தால் என்பதால் பாதி ஷட்டருக்குள் அன்று கூட்டம் வேறு அதிகம்.

படம் தொடங்கியது. முதலில் அருவி. பீரானிக்காவின் எல்லா டிவிடியும் அப்படித்தான் தொடங்கும். நீலமாக ஒரு அருவி கொட்டும், இரண்டு அன்னம் நீந்தும், தண்ணீருக்குள்ளிருந்து பெண்ணின் பேர் பூப்பூவாக எழும்பும், கடைசியில் ஸ்டுடியோவின் போன் நம்பர். கால் மணி நேரம் போகும்.

"இது அருவியா, கக்கூஸ் குழாய் உடைஞ்சதா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"எவன்டா அவன்?" பீரானிக்கா திரும்பிப் பார்த்தார். கடைசி பெஞ்சில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நிக்காஹ் நடந்தது, விருந்து நடந்தது. உள்ளே டிவிடி தடதடவென்று ஆட ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் முகம் பாதியாகி நின்றது.

"ஸ்டிக்கர் ஒரு பக்கமா இழுக்குது இக்கா" என்றான் கோயாமு. "மாப்பிள்ளை கொஞ்சம் கனம்."

பீரானிக்கா நகத்தால் கிள்ளி ஸ்டிக்கரை உரித்தார். அதோடு டிவிடியின் வெள்ளியும் உரிந்து வந்தது. வெற்றுக் கண்ணாடித் தட்டு கையில் மிஞ்சியது. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஷட்டருக்கு அந்தப் பக்கம் குஞ்ஞாமினா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பி, கெட்டுப்போனவற்றை ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே பிடித்தார். ஊதா நிறம் நடுவில் சீராக இருந்தது. ஓரத்துக்கு வர வர வெளுத்துத் திட்டுத் திட்டாக, தேமல் மாதிரி. எழுத்து உள்ளேயிருந்து ஓரத்துக்குப் போகும். ஓரம் சொத்தை. அப்படியென்றால் எல்லா டிவிடியும் சாவது ஒரே இடத்தில்தான்: கல்யாணத்தின் கடைசி, பெண் வீட்டை விட்டு இறங்கிக் காரில் ஏறும் இடம்.

"கடைசிக் கால் மணி நேரத்தை வெட்டினா ஓடும்" என்றார்.

"எது கடைசி?" குஞ்ஞாமினா மறுபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

பீரானிக்கா கையிலிருந்த டிவிடியின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "அதுக்காகத்தான் அவர் பாக்கறதே" என்று மட்டும் சொன்னாள்.

டப்பாவின் அடியில் ஒரே ஒரு டிவிடி மிச்சம்.

பின்னாலேயே வந்திருந்த கோயாமு யோசனை சொன்னான். "அதை எடுத்து முதல்ல போட்டுடுங்க."

"நிக்காஹுக்கு முந்தியே பொண்ணு கார்ல ஏறிப் போறதா? தமாம் முழுக்க என்னடா பேசுவாங்க?"

"அப்ப விருந்தைக் குறைங்க. ஆளாளுக்கு எலும்பு கடிக்கறதை எவ்ளோ நேரம் பாக்கறது?"

குஞ்ஞாமினா நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டாள். "அது முடியாது. அவரோட கூடப்பொறந்த பெரிய காக்கா முகம் இல்லன்னா அடுத்த விருந்துக்கு நான் யாரைக் கூப்பிட? நாத்தனார் ரெண்டு பேரும் கேமராவுக்குன்னே ரெண்டு தடவை சாப்பிட்டாங்க."

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். திரையில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. அதுவும் கால் மணி நேரம்தான். கோயாமுவும் குஞ்ஞாமினாவும் பீரானிக்காவைப் பார்த்தார்கள்.

"அந்த அன்னம் ரெண்டையும் நீந்த வைக்க எனக்கு ஒரு மழைக்காலம் ஆச்சு, தெரியுமா?" என்றார். பிறகு அருவியை அழித்தார். அன்னங்கள் போயின. போன் நம்பர் போனது. பிஸ்மி சொல்லிக் கடைசி டிவிடியைத் தட்டில் வைத்தார். ரைட்டரின் சத்தத்தைக் கேட்கப் பயந்து வாசலில் போய் நின்றுகொண்டார்.

இந்தத் தடவை கர் இல்லை. டீக்கடையில் அது தொடக்கத்திலிருந்து ஓடியது. அந்தப் பெட்டியில் ஓட்டித் தள்ளினால் நின்றுவிடும், அதனால் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். நாத்தனார்கள் இரண்டு தடவை சாப்பிட்டார்கள். அஸர் பாங்கு கேட்டது. வெளியே மானுவின் ஜீப், ஹர்த்தால்காரர்கள் மறிக்காமலிருக்கக் கண்ணாடியில் 'விமான நிலையம்' என்று காகிதம் ஒட்டிக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது.

"இக்கா, விமானம் ஹர்த்தாலுக்கு நிக்காது!" என்று மானு கத்தினான்.

"நீ வாயை மூடு. இவ கார்ல ஏறட்டும், அப்புறம் நீ ஏறு."

ஷம்னா வாசலுக்கு வந்தாள். உம்மாவைக் கட்டிக்கொண்டாள். வழக்கமாகத் திரை இந்த இடத்தில்தான் சதுரம் சதுரமாகும். ஆகவில்லை. கல்யாணத்தன்று கேமராவுக்குப் பின்னாலிருந்து பீரானிக்கா சொன்னதுகூடத் தெளிவாகக் கேட்டது: "இங்க பாரு மோளே. இதுதான் உப்பா." அவள் நேராகப் பார்த்தாள். கண் துடைத்தாள். கையாட்டினாள். கார்க் கதவு சாத்தும் சத்தம்கூட முழுசாக வந்தது. குஞ்ஞாமினா திரைப்பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி பெஞ்சில் ஒருவன் டீ சூடு என்று கண்ணைத் துடைத்தான். டம்ளர் எப்போதோ காலி.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து எல்லோரும் டீக்கடையில் இருந்தபோது பீரானிக்காவுக்குப் போன் வந்தது. செய்தலவி. பீரானிக்கா எல்லோருக்கும் கேட்கச் சத்தமாக வைத்தார்.

"கடைசி வரைக்கும் ஓடிச்சு, பீரானே. மூணு தடவை பாத்தேன். கேம்ப்புல நம்ம பக்கத்து ஆளுங்க எல்லாம் பாத்தாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்!" பீரானிக்காவின் நெஞ்சு விரிந்தது.

"ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்காதே."

"கேளு."

"அருவி எங்கே? இங்க ஹம்ஸா மோளுக்கு அருவி இருக்கு. அலவி மோளுக்கு இருக்கு. பேர் பூவா வரும். அது வந்தாத்தான் இவனுங்க கைதட்டுவானுங்க. என் மோளுக்கு மட்டும் ஏன் இல்ல? பணம் ஏதும் குறைச்சலாப் போச்சா?"

பீரானிக்கா, அருவியை மட்டும் தனியாக ஒரு டிவிடியில் அனுப்புகிறேன், நல்ல டிவிடியில், என்று உறுதி சொல்லிப் போனை வைத்தார். அவர் மெதுவாகத் திரும்பி, முன் பெஞ்சைத் தாண்டி, நடு பெஞ்சைத் தாண்டிக் கடைசி பெஞ்சுக்கு வந்தார். அங்கே மடியில் காகிதத்தை வைத்து இதை எழுதிக்கொண்டிருந்தவனின் தலைக்கு மேல் குனிந்து, கக்கூஸ் குழாய் என்று இருந்த வரியில் விரலை வைத்தார்.

"எவன் சொன்னான்னு போடலியேடா நீ" என்றார். "பேரைப் போடு."