திறந்துவிட்ட குழாய்

அச்சுதன் டில்லி கரோல் பாக்கிலேயே பிறந்து வளர்ந்தவன். அப்பா சேஷன் மத்திய அரசில் எழுத்தராகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற கையோடு, "இனிமே இந்தக் குளிரும் வெயிலும் நமக்கு ஆகாது" என்று மனைவி சுந்தரவல்லியை அழைத்துக்கொண்டு கும்பகோணம் போய்விட்டார். நொய்டாவில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்த்த மகன் மட்டும், அதே பேட்டையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்கிக்கொண்டான்.

சின்ன வயதில் அவன் நல்ல குண்டு. தெருப் பிள்ளைகள் 'மோட்டு' என்று கூப்பிடுவார்கள். அவனும் சிரிப்பான். தானும் சேர்ந்து சிரித்துவிட்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடும் என்பதை அவன் சீக்கிரமே கற்றுக்கொண்டிருந்தான். கல்லூரிக்குப் போனதும் மளமளவென்று இளைத்தான். "ஆளே மாறிட்டியேடா!" என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். எப்படி இளைத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

குளிர்காலத்தில் அவனுக்கு நிம்மதி. டில்லியே ஸ்வெட்டரும் ஜாக்கெட்டுமாக மூட்டை போல நடமாடும்போது யார் உடம்பு யாருக்குத் தெரியும்? ஹோலி கழிந்தால்தான் பயம் தொடங்கும். சட்டை வியர்வையில் நனைந்து வயிற்றோடு ஒட்டும். அதை மறைக்க, அனல் காற்றடிக்கும் மே மாதத்திலும் மேலே கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு மெட்ரோவில் நிற்பான். அந்த வருடம் போதாக்குறைக்கு, ஜூன் மாதம் ஊருக்கு வெளியே ஒரு நீச்சல் குளத்துக்கு எல்லோரும் போகப் போவதாக அலுவலகத்தில் அறிவித்துவிட்டார்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள். அச்சுதனுக்கு அன்றே சோறு இறங்கவில்லை.

பகல் முழுக்கப் பட்டினி கிடந்தான். வீடு திரும்பியதும் பசி பேயாகப் பிடிக்கும். ரொட்டி, பிஸ்கட், காலையில் மிஞ்சிய சோறு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நின்றபடியே விழுங்குவான். ருசி தெரியாது. தின்று முடித்ததும் வெட்கம் வரும். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் அத்தனையையும் வாந்தியெடுத்துவிட்டு வருவான்.

அவனோடு தங்கியிருந்த ஆரிப் நாகூர்க்காரன். செய்திச் சேனல் ஒன்றில் வீடியோ எடிட்டர். சமையல் ஆரிப் பொறுப்பு, பாத்திரம் அச்சுதன் பொறுப்பு. அந்தக் கோடையில் மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் தங்கவே இல்லை. கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா, "பையா, மேலே ரெண்டு பேர் இருக்கீங்களா, இருபது பேரா?" என்று இந்தியில் கத்தினாள். ஆரிப் பிளம்பரைக் கூட்டிவந்து எல்லாக் குழாயையும் பார்க்கச் சொன்னான். எங்கும் ஒழுகல் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட உடனே அச்சுதன் குளியலறைக்குப் போனான். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. ஆரிப்புக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாப்ள, தண்ணிய மூடுடா!" என்றபடி கதவை இடிக்கக் கை ஓங்கினான்.

அந்த நேரம் பார்த்துத் தொட்டி வற்றியது. குழாய் ரெண்டு தரம் செருமிவிட்டு நின்றுபோனது. உள்ளே அச்சுதன் ஓங்கரிப்பது அப்பட்டமாகக் கேட்டது.

ஆரிப் கதவை இடிக்கவில்லை. ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு வாசலோரம் தரையில் உட்கார்ந்தான். உள்ளே கழுவிவிடத் தண்ணீர் இல்லை, வெளியே வர முகம் இல்லை. அச்சுதன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அச்சு, குடிக்கிற கேன்ல தண்ணி இருக்கு. ஒரு வாளி கொண்டாரேன். கதவக் கொஞ்சமாத் தொற, போதும்."

வாளி உள்ளே போனது. "வாய் கொப்புளிச்சுக்க. அவசரமில்ல."

வெகுநேரம் கழித்துக் கண் சிவந்து வெளியே வந்தவன், வயிறு சரியில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். "காலேஜ்லேருந்தே இப்படித்தான்டா. மறுபடி குண்டாயிடுவேனோன்னு பயம்" என்று வந்துவிட்டது.

"நீ எங்கேடா குண்டு? ஒல்லியாத்தானே இருக்க?"

"அதை மட்டும் சொல்லாதே ஆரிப். ஒல்லின்னு சொன்னா, அது கைவிட்டுப் போயிடக் கூடாதுன்னு இன்னும் பயம் வருது."

"அப்ப நான் என்னதான் சொல்லணும்?"

"எனக்கே தெரியலை."

ஆரிப் கூலரை அவன் பக்கம் திருப்பிவைத்தான்.

அந்த வாரமே ஆரிப் லீவு போட்டுவிட்டு அவனை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனான். ஆண்பிள்ளைக்கா இந்த நோய் என்று டாக்டரம்மா சிரிப்பார் என்று அச்சுதன் பயந்தான். அவர் சிரிக்கவில்லை. ரத்தத்தில் உப்புச் சத்துகள் இறங்கியிருக்கின்றன, இந்த வெயிலில் இப்படியே போனால் இதயத்தைப் பாதிக்கும் என்று நிதானமாகச் சொன்னார். "இது வியாதி. உன் தப்பு இல்லை" என்றார். வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், சாப்பிட்ட பின் கொஞ்ச நேரம் தனியாக இருக்கக் கூடாது.

அந்தக் கொஞ்ச நேரம் மலையாகக் கனத்தது. ஆரிப் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அன்றைக்கு வெட்டியெறிந்த வீடியோத் துண்டுகளைப் போட்டுக் காட்டுவான். செய்தி வாசிப்பவர்கள் உளறுவதைப் பார்த்து அச்சுதன் சில நாள் சிரித்தான். சில நாள் எரிந்து விழுந்தான்.

"நீ என்ன எனக்குக் காவல்காரனா?"

"இல்ல மாப்ள. தனியா உக்காந்தா எனக்கும் போரடிக்குது."

நீச்சல் குளத்துக்கு அவன் போகவில்லை. மேனேஜர் கேட்டபோது, "உடம்பு சரியில்லை, வைத்தியம் நடக்குது" என்றான். முதல்முறையாகச் சாக்குச் சொல்லாமல் உண்மையைச் சொல்லியிருந்தான்.

அம்மாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. போனில் சுந்தரவல்லி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "போன் எடுத்தாலே சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டேன்னுதானே கேப்பேன். இனிமே என்னடா கேக்கட்டும்?" என்றாள்.

"எப்படி இருக்கேன்னு கேளும்மா."

"எப்படிடா இருக்கே?"

"இப்போ பரவாயில்லைம்மா."

ஆகஸ்டில் ஒரு நாள் மறுபடி அது நடந்தது. இந்தத் தடவை அவனே வந்து ஆரிப்பிடம் சொன்னான். ஆரிப் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. "சரி, டாக்டரம்மாகிட்ட சொல்லிடுவோம்" என்று தட்டிலிருந்த ஆப்பிளை நறுக்கப் போனான்.

அந்த வாரக் கடைசியில் நல்ல மழை. மெட்ரோ வாசலில் தள்ளுவண்டிக்காரர் கரியில் சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். அச்சுதன் ஒன்று வாங்கி, எலுமிச்சையும் மிளகாய் உப்பும் தேய்த்துக் கடித்தான். காரம் நாக்கில் சுர்ரென்றது. பாதிக்கு மேல் தின்றதும் பக்கத்தில் நின்ற ஆரிப்பிடம் நீட்டினான்.

"ஏன், பிடிக்கலையா?"

"நல்லா இருக்கு. வயிறு நிறைஞ்சிடுச்சு."