இரண்டு ஓடை தாண்டிய லயம்

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த எங்களுக்குக் குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வீடு கொடுத்தார்கள். வீடு ஒரு மலையில், கொழுந்தெடுக்கும் இடம் இன்னொரு மலையில். நடுவில் இரண்டு ஓடைகள். இப்படி யோசித்துக் கட்டியவர் அந்த வழியை ஒருநாளும் நடந்து பார்த்திருக்க மாட்டார்.

எங்கள் விளையாட்டும் தோட்டம் கட்டுவதுதான். அண்ணன்தான் துரை. மண்ணைக் குழைத்து மேட்டில் லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், வைப்பான். கீழே குழாயடியில் தேயிலை மலை. நசுங்கிய தகர டப்பா, ஃபேக்டரி. கற்பூர மரத்துக் காய்கள் ஆட்கள். அவர்களை வேலைக்குக் கொண்டுபோய், போய்ச் சேர்ந்தவர்கள் பறித்ததாக இலைகளைக் கிள்ளி டப்பாவில் போடுவது என் பொறுப்பு. கையில் அள்ளி வைக்கக் கூடாது, ஒவ்வொன்றாக விரலால் தள்ளித்தான் கொண்டுபோக வேண்டும் என்பது அவன் சட்டம். கடைசிக் காய் போய்ச் சேர்வதற்குள் வாயாலேயே சங்கு ஊதி வேலை முடிந்தது என்பான். டப்பாவின் அடிகூட மறைந்திருக்காது.

"ஒன் ஆளுங்க சோம்பேறிங்க. எல்லாத்துக்கும் அரைப்பேர்தான்!"

அரைநாள் வேலைதான் செய்தார்கள் என்று பதிந்துவிடுவது அது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, எழுந்து வந்து மண் லயங்களைப் பெயர்த்துக் குழாயடியில் வைத்தார். அன்று டப்பா நிரம்பி வழிந்தது. கள்ளாட்டம் என்று அண்ணன் கத்தினான். மாமா சிரிக்கவில்லை. அந்த வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்காக அம்மாவுக்கு நிஜமாகவே அரைப்பேர் விழுந்திருந்தது.

மறுநாள் அவர் மேற்பார்வையாளரிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"கொழுந்து மலைக்குக் கீழ பழைய லயம் சும்மாதானே கெடக்கு? நாங்க அங்க இருந்துக்கிறோம் ஐயா."

"ஊடு குடுத்ததே பெருசுங்க. உங்களுக்காக மலையை நகத்தி வெக்கச் சொல்றீங்களா?"

"மலை அங்கயே இருக்கட்டுங்க ஐயா. எங்கள நகத்துங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு, யாரையும் கேட்காமல், எங்கள் வீடும் இன்னும் சில குடும்பங்களும் சட்டி பானையோடு அந்தப் பழைய லயத்தில் குடியேறினோம். கூரை ஒழுகியது. ஆனால் அம்மா முதல் ஆளாக மலையேறினாள். அவள் கூடையை நிறுத்தபோது கங்காணி தராசை மறுபடியும் குனிந்து பார்த்தாராம்.

அந்த வாரம் முடிவதற்குள் மேலிடத்திலிருந்து ஆள் வந்தார். ஒதுக்கிய வீட்டில்தான் இருக்க வேண்டுமாம். கொழுந்து கூடுதலாக வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி சட்டி பானை, மறுபடி இரண்டு ஓடை. மாமா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் நிம்மதி. எப்போதும் நான் எழுமுன்பே கிளம்பிவிடும் அம்மா, பழைய லயத்தில் நான் கண்விழிக்கும்போதெல்லாம் வீட்டில் இருந்தாள். பிடித்து உட்காரவைத்து, சிக்கெடுத்து, இறுக்கி இரட்டைச் சடை பின்னினாள். "ஆடாம இரு புள்ள" என்று தலையில் குட்டுவாள். வலியிலும் எரிச்சலிலும் நான் லயமே அதிரக் கத்துவேன்.

திரும்பி வந்த மறுநாள் எழுந்தபோது அம்மா எப்போதோ கிளம்பிப் போயிருந்தாள். தப்பித்தோம் என்று தலை கலைந்தபடியே விளையாட ஓடினேன். அந்தச் சில காலைகளில், பின்னி முடித்த சடையை அவள் ஏன் மறுபடி அவிழ்த்து முதலிலிருந்து பின்னினாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.