கோட்டுக்குள் இருந்த எட்டுப் புள்ளிகள்

நான் சரியான பயந்தாங்கொள்ளி. குக்கர் விசில் சத்தமாக வந்தாலே இரண்டடி தள்ளி நிற்பேன். ஆனாலும் அன்றைக்குப் பயந்ததுபோல நான் என்றைக்கும் பயந்ததில்லை.

மல்லேஸ்வரத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன் வேலை. காலையில் ஆட்கள் வருவதற்கு முன் மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்றே ஒரு திரவம் உண்டு, கன்ட்ரோல் என்போம். அதன் பொட்டாசியம் தினமும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வர வேண்டும். வந்த எண்ணைச் சார்ட்டில் புள்ளியாக வைப்போம். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. புள்ளி கோட்டைத் தாண்டினால் மெஷினை நிறுத்திவிட வேண்டும். கோடு எங்கே என்று நாங்களேதான் கணக்குப் போட வேண்டும். இருபது நாள் எண்களின் சராசரி, அவை எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, அதில் இரண்டு மடங்கு மேலே, இரண்டு மடங்கு கீழே. அவ்வளவுதான்.

புதுத் திரவத்துக்குக் கோடு போட்டவள் நான். பதினேழு நாள் எண்கள் நான்கை ஒட்டிச் சமர்த்தாக நின்றன. மீதி மூன்று நாள் ஏசி ரிப்பேர். மெஷின் சூடாகி வாய்க்கு வந்ததை உளறியது. அந்த நாட்களில் ஆட்களின் ரத்தத்தை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டோம். அந்த மூன்று எண்களையும் ஒதுக்கிவிட்டு இன்னும் மூன்று நாள் பொறுத்திருக்கலாம். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். எண்ணை நீக்கினால் ஆடிட்டில் கேள்வி வருமோ என்ற பயம் வேறு. இருபதையும் எக்ஸெல்லில் கொட்டினேன். கோடுகள் 3.5, 4.6 என்று வந்தன. இவ்வளவு அகலமா என்று ஒரு விநாடி தோன்றியது. அந்த ஒரு விநாடியோடு விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு காலை. சார்ட்டில் கடைசி எட்டுப் புள்ளிகளும் நடுக்கோட்டுக்குக் கீழே, படி இறங்குவதுபோல இறங்கியிருந்தன. சீனியரிடம் காட்டினேன். "உள்ளதானே இருக்கு? சும்மா தலெ கெடிஸ்கோபேடா" என்று, தலையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதே என்கிற மாதிரி சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஏசி ஓடாத மூன்று நாளை நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி போட்டேன். கோடுகள் 3.9க்கும் 4.1க்கும் சுருங்கின. எட்டில் ஆறு புள்ளி வெளியே கிடந்தது. அன்றைய எண் 3.6. ஒரு வாரமாக மெஷின் எல்லோருடைய பொட்டாசியத்தையும் குறைத்துச் சொல்லியிருக்கிறது. நானும் மகராசியாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

உடனே நினைவுக்கு வந்தவர் எதிர் வரிசை ஜெராக்ஸ் கடைக்காரர். இரண்டு கிட்னியும் பழுது, பொட்டாசியம் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும். நான்கு நாளுக்கு முன் 5.0, நார்மல் என்று ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்தவள் நானேதான். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும். பல பேருக்கு முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாது.

எங்கள் கூடத்து டாக்டரம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "மத்தவங்க லிஸ்ட்ட நான் பாக்கறேன். நீ அவர ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. ரிப்பீட் டெஸ்ட்னு மட்டும் சொல்லு, வேற எதுவும் பேசாத" என்றார்.

கடை ஷட்டர் இறங்கியிருந்தது. மணி பதினொன்று. அவர் ஒருநாளும் அந்நேரம் கடை மூடியவரில்லை. பின் சந்தில் இருந்த வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்த மனைவி, "காலையிலேர்ந்து ரெண்டு காலும் வரலன்றாரு, படுத்துக்கினே கீறாரு" என்றார். பொட்டாசியம் மிஞ்சினால் கால் இப்படி விழுந்துபோவது உண்டு. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக அவர் மூச்சையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு சிக்னலில் அவர் கண்ணை மூடினார். நான் அலறிவிட்டேன். "தூக்கம் வருதும்மா" என்றார் அவர்.

எமர்ஜென்சி வாசலில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. டியூட்டி டாக்டர் வெளியே வந்தார். பொட்டாசியம் 6.8. ஊசி போட்டாயிற்று, இதயத் துடிப்பு சரியாகிவிட்டது, டயாலிஸிஸ் செய்யப் போகிறார்கள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

அவர் மனைவிக்கு மட்டும் அழுகை நிற்கவில்லை. "நாந்தான் மேடம் இப்பிடிப் பண்ணிட்டேன். வெயிலா இருக்குதே, ரிப்போர்ட்டு நார்மல்தானேன்னு தெனமும் இளநி வெட்டியாந்து குடுத்தேன். அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நானே ஊட்டி ஊட்டிக் கொல்லப் பாத்துட்டேன்." சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். இளநீரில் பொட்டாசியம் கொட்டிக் கிடக்கிறது.

ரிப்பீட் டெஸ்ட். அதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆள் பிழைத்துவிட்டார், இனி யார் கேட்கப் போகிறார்கள்? வேலை போவது, போலீஸ் வருவது, என் வீட்டில் விஷயம் தெரிவது எல்லாம் கண்முன் ஓடியது.

"அக்கா, அந்த ரிப்போர்ட்டு தப்பு" என்றேன். "அவருக்கு அன்னைக்கே ஜாஸ்தியா இருந்திருக்கு. மெஷின் கொறச்சு காட்டியிருக்கு. அதுக்குக் கணக்குப் போட்டது நான். தப்பு என்னோடது."

அழுகை நின்றது. என்னையே பார்த்தார். அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"அப்ப நான் இல்லியா?" என்று கேட்டார்.

"நீங்க இல்லக்கா."

என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே இன்னொரு தரம் கேட்டார்.