பிறர் பெயரில் நோன்பு

செவ்வாய்க்கிழமை மதியம், ஃபிஜித் தீவில் சுவா நகரத்தை ஒட்டிய லாமியில், மரக்கடை அலுவலகத்தில் எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில், சுஷீலா ஒரு குவளைத் தண்ணீரோடு தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். அடுத்த மேசை லித்தியா தேவாலயத்தில் பாடுகிற, ஃபிஜிப் பூர்வகுடிப் பெண். செவ்வாயன்று மட்டும் தன் மீன் டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே மாமரத்தடிக்குப் போய்விடுவாள். புதிதாக வந்தவர்கள் உடம்புக்கு என்ன என்று கேட்டால் சுஷீலா சிரிப்பாள். "பசி என்னோடது. விரதம் சலேஷோடது."

சலேஷ் வான்கூவரில் டாக்ஸி ஓட்டுகிறான். இரவு வேலை; நாள், கிழமை பார்த்துச் சாப்பிட அங்கே முடிவதில்லை. வெள்ளிக்கிழமை சிட்னி மோகினியுடையது. அவளுக்குக் குழந்தை வேண்டும். எண்பத்தேழில் இந்தியர்கள் பங்கேற்ற ஆட்சியை ராணுவம் கவிழ்த்ததிலிருந்து மாரியம்மன் கோயில் கூட்டம் ஒவ்வொரு குடும்பமாகக் கரைந்து வெளிநாடு போயிற்று. போகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "நீ இங்கதானே இருக்க. ஆத்தாகிட்ட சொல்லிடு." சுஷீலா ஒருவருக்கும் மாட்டேன் என்றதில்லை. சாயங்காலம் விளக்கேற்றி, ஊர் பேரோடு ஒவ்வொருவராகச் சொல்லுவாள். "ஆக்லாந்து உர்மிளாவுக்கு முட்டி வலி, ஆத்தா. போன வாரம் சொன்னதேதான்."

அவளுக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை ரஞ்சனா குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தாள். இரண்டாயிரமாவது வருஷம் மே மாதம், ஒரு கும்பல் பாராளுமன்றத்தைத் துப்பாக்கியோடு வளைத்த அன்று, சுவாவில் இந்தியர் கடைகளைச் சூறையாடினார்கள். ரஞ்சனாவின் கணவன் மகேந்திராவின் கடிகாரக் கடையில் மிஞ்சியது உடைந்த கண்ணாடிதான். அதன் பிறகு அவனுக்கு ராத்திரித் தூக்கம் இல்லை; கதவு தட்டுகிற சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவான். நியூசிலாந்துக்கு விண்ணப்பம் போட்டார்கள். அதில் அக்காவைச் சேர்க்க வழியில்லை.

சகோதரிகள் சண்டை போடுவது இந்தியில். வேண்டுதல் மட்டும் அப்பா கற்றுக்கொடுத்த தமிழில். மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் ரஞ்சனா கேட்டாள்.

"எல்லாருக்கும் வேண்டிக்கிறியே அக்கா. எங்க விசாவுக்கும் வேண்டிக்கோ."

"கிடைச்சா தீ மிதிக்கிறேன்னு சொல்லிடறேன்."

"நேர்ச்சை எங்களோடது. நீ எதுக்கு மிதிக்கணும்?"

"நீங்க அங்க இருப்பீங்களே."

விசா கிடைத்தது. மறு வருஷம் மார்ச்சில் அவர்கள் விமானம் ஏறினார்கள். ஆகஸ்டில் சுஷீலா மஞ்சள் துணி உடுத்தி, பத்து நாள் கோயிலிலேயே தங்கினாள். தீமிதிக்கு முதல் நாள் பூசாரி பாலசுப்பிரமணியிடம் போய் நின்றாள்.

"மத்தவங்க பேரைச் சொல்றப்ப மனசும் கூடவே போவும் சாமி. ரஞ்சனா பேருக்கு வாய் மட்டுந்தான் போச்சு. கிடைக்கக் கூடாதுன்னு மனசு சொல்லிட்டே இருந்திச்சு."

பூசாரி கையிலிருந்த விபூதித் தட்டைக் கீழே வைத்தார். "அப்ப நாளைக்கு எறங்காதம்மா. மனசு ரெண்டா இருந்தா காலு சுடும்."

"சுட்டா சுடட்டும். ஆத்தா அவ வாக்கக் காப்பாத்திட்டா. நான் என் வாக்கக் காப்பாத்தணும்ல?"

மறுநாள் உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே, தங்கையின் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொல்லிவிட்டுக் குழியில் இறங்கினாள். ஓடவில்லை. எல்லோரையும் போல நடந்து, அக்கரையில் பாலில் கால் நனைத்து ஏறினாள். பஸ் பிடித்து, நொண்டாமல் நடக்கப் பார்த்து, ஆளில்லாத வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆறு மணி. இடது பாதத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். வாளியில் தண்ணீர் பிடித்து வந்து நாற்காலியில் உட்காரவும் தொலைபேசி மணி அடித்தது.

"அக்கா, கால் சுட்டிச்சா?"

"இல்லடி. பூ மேல நடந்த மாதிரி இருந்திச்சு. மகேந்திரா நல்லாத் தூங்கறானா?"

"இப்பதான் ராத்திரில தூங்க ஆரம்பிச்சிருக்காரு."

"அது போதும்டி" என்றாள். ரிசீவரின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு, தண்ணீர் சத்தம் தங்கைக்குக் கேட்காதபடி, இடது காலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளிக்குள் இறக்கினாள்.