உட்கார்ந்தே பதில் சொல்லுங்கள்

திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறவர்கள்கூட என் வகுப்பில் என்ன பாடம் நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள் என்பது எங்கள் ஆசிரியர் அறையில் பழைய கிண்டல். முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. எங்கள் பெண்கள் பள்ளி தண்டவாளத்தை ஒட்டியே இருந்தது. மின்சார ரயில் கடக்கும்போது மற்ற ஆசிரியைகள் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நான் காத்திருக்க மாட்டேன். ரயிலுக்கு மேலே சத்தம் போட்டு வாக்கியத்தை முடிப்பேன். இருபது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதில் பாதி கத்தல்தான். கோபமும் எனக்குக் கொஞ்சம் கூடுதல். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுதுவதாக இல்லை.

கொரோனா முடிந்து பள்ளி திறந்த வருடம் அந்தக் குரல் படுத்துவிட்டது. முதலில் கரகரப்பு. பிறகு வாயைத் திறந்தால் வெறும் காற்று. ஆவடியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றன, இனிமேல் கத்தினால் குரல் திரும்பாது என்றார். "என்ன வேலை பாக்கறீங்கம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார். மருந்தில் மெல்லிய பேச்சுக் குரல் மட்டும் திரும்பியது.

எங்கள் தாளாளர் ஒரு பாதிரியார். நாங்கள் எல்லாரும் ஃபாதர் என்போம். நல்ல மனிதர். கெட்ட செய்தியாக இருந்தால் முதலில் டீ வரவழைத்துவிட்டுத்தான் சொல்வார். எனக்கும் டீ வந்தது. "அடுத்த வருஷத்துல இருந்து ஆபீஸ்ல உக்காருங்க டீச்சர். அட்மிஷன், டி.சி. இதெல்லாம் நீங்க பாத்துக்கலாம். தொண்டைக்கும் ரெஸ்ட்டு" என்றார். டீயைக் குடிக்க முடியவில்லை. எனக்குப் பாடம் நடத்துவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் சீல் குத்திக்கொண்டு, மாடியில் வேறு யாரோ என் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் ஒன்று பொறி தட்டியது. ஆன்லைன் வகுப்பு நடந்த மாதங்களில் என் தொண்டை நன்றாகவே இருந்தது. சமையலறையில் குக்கர் விசில் அடித்தாலும் செல்போன் முன்னால் சாதாரணமாகத்தான் பேசினேன். பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்கள். அதையே வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் என்ன? மறுநாள் ஃபாதரிடம் போய், ஹெட்போன் வைத்த மொழி ஆய்வகம் ஒன்று வேண்டும், உச்சரிப்புக்கு ரொம்ப நல்லது, பெரிய பள்ளிகளில் எல்லாம் இருக்கிறது என்று பேச்சை வளர்த்தேன்.

"உச்சரிப்புக்கா, உங்க தொண்டைக்கா?" என்று சிரித்தார்.

"ரெண்டுக்கும்தான் ஃபாதர்."

"சரி, போட்டுப் பாருங்க. அரைப் பரீட்சைக்கு முன்னாடி ஒரு நாள் வந்து வகுப்பப் பாக்கறேன். நடந்தா நீங்க அங்கயே இருங்க. இல்லன்னா ஆபீஸ். என்ன?"

சரி என்று தலையாட்டினேன்.

மாடியில் கடைசி அறை கிடைத்தது. கிறிஸ்துமஸ் குடில் சாமான்கள் போட்டு வைத்திருந்த அறை அது. பிளாஸ்டர் ஆடுகள், ஓர் ஒட்டகம், கழுத்தை ஒட்டவைத்த ஒரு ராஜா எல்லாரும் ஒன்பதாம் வகுப்புப் பெண்களின் இடுப்பில் ஏறிக் கீழே இறங்கினார்கள். ஆய்வகம் அமைக்கும் கம்பெனிக்காரர் கொண்டுவந்த படங்கள் பளபளவென்றிருந்தன. ஃபாதர் அவற்றையும் விலையையும் நிதானமாகப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் கடைசியில் வந்தவர் ஆவடிப் பக்கத்துச் சேக்காட்டு சவுண்டு சர்வீஸ்காரர். காதுகுத்து, ஆடி மாதக் கூழ், கட்சிக் கூட்டம், எங்கள் மாதா தேர் என்று எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர். காலமெல்லாம் சத்தத்தை ஊர் முழுக்கப் பரப்பியவரிடம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத மைக் செட் போடச் சொன்னால் அவருக்கு எப்படி மனசு வரும்?

"இன்னா டீச்சர், சவுண்டே வெளிய வரக்கூடாதுன்றீங்க. அப்புறம் இன்னாத்துக்கு மைக்கு?"

"புள்ளைங்க காதுல கேட்டாப் போதும்ணே."

"ஒரே ஒரு கொழாய ஜன்னல்ல கட்டி உட்டுட்றேன். ரயில்ல போறவனும் நாலு இங்கிலீசு கத்துகினு போவான்ல?"

"அத நான் மைக் இல்லாமலே இத்தன வருஷம் செஞ்சிட்டேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. வேலையை ஆரம்பித்தார்.

மேசைக்கு மேசை பிளைவுட் தடுப்பு வந்தது. ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு ஹெட்போன், அதிலிருந்து வாய்க்கு நேராக வளைந்து வரும் சின்ன மைக். எல்லா ஒயரும் மேசைக்கு அடியில் ஓடி, என் மேசையில் இருந்த ஒரு டப்பாவுக்கு வந்து சேர்ந்தன. டப்பாவில் ஆளுக்கு ஒரு சுவிட்ச். நான் பேசினால் எல்லார் காதுக்கும் போகும். யாருடைய சுவிட்சைத் தட்டுகிறேனோ அவள் பேசுவது என் காதுக்கு வரும். அவ்வளவுதான் எங்கள் ஆய்வகம்.

முதல் தொல்லை எண்ணெயில் வந்தது. எங்கள் பிள்ளைகள் தலை நிறைய தேங்காயெண்ணெய் வைத்து, இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டி வருகிறவர்கள். ரெண்டே நாளில் ஹெட்போனின் பஞ்செல்லாம் எண்ணெய் குடித்துப் பிசுபிசுத்துவிட்டது. ஒரு பெண்ணின் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனியில் தைக்கிறவர். கேட்டதும் பனியன் துணி வெட்டுத் துண்டுகளில் உறை தைத்து ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார். ரோஸ், பச்சை, மஞ்சள் என்று கலர் கலராகக் காதுகள் முளைத்த அந்த வகுப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

முதல் முறை மைக்கில் மெதுவாகக் காலை வணக்கம் சொன்னபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதுவரை என் குரல் என்றால் கரும்பலகைப் பக்கத்திலிருந்து வரும் அதட்டல். இப்போது அது காதோரம் வந்து பேசியது. ஒருத்தி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளின் உறையை விலக்கி, "ஏய், மிஸ்ஸாடி இது?" என்று கேட்டாள்.

இரண்டாவது தொல்லை நாங்களே வளர்த்தது. ஒரு பெண்ணின் சுவிட்சைத் தட்டி அவள் பெயரைச் சொன்னேன். சடாரென்று எழுந்து நின்றாள். ஒயர் குட்டை. ஹெட்போன் தலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது, டப்பா என் மேசையில் நகர்ந்தது. உட்கார்ந்தே பதில் சொல்லு என்றேன். உட்கார்ந்தாள். கேள்வியைக் கேட்டேன். மறுபடியும் எழுந்தாள். ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழ வேண்டும் என்று எல்.கே.ஜி.யிலிருந்து பழக்கியவர்கள் நாங்கள். உட்கார்ந்தபடி பேசினால் மரியாதை இல்லை, அம்மாவுக்குத் தெரிந்தால் அடிப்பார்கள் என்று ஒருத்தி அழாத குறையாகச் சொன்னாள். தினமும் சாயங்காலம் சவுண்டு சர்வீஸ்காரர் வந்து அறுந்த ஒயரைப் பற்றவைப்பார். "இன்னா டீச்சர், புள்ளைங்க இங்க படிக்குதுங்களா, குஸ்தி போடுதுங்களா?" என்பார். கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப்போட்டேன்: உட்கார்ந்தே பதில் சொல்லுங்கள். பெஞ்சை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். பிறகு மெல்ல மெல்லக் கைகள் தளர்ந்தன.

அந்த வகுப்புகளுக்காக என் மனம் இப்போதும் ஏங்குகிறது. இன்று அதே அறையில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. நானும் இடுப்பில் ஒரு குட்டி ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு வகுப்பு வகுப்பாக நடக்கிறேன். வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அன்று சுவிட்சைத் தட்டினால் ஒரு பிள்ளையின் குரல் மட்டும் தனியாக என் காதுக்குள் வரும். பேசுவதற்கு முன் அவள் மூச்சை இழுப்பது கேட்கும். தெரியாத சொல்லுக்கு முன்னால் எச்சில் விழுங்குவது கேட்கும். அத்தனை வருடமும் நான் கேட்டதெல்லாம் கோரஸ்தான். தனித்தனியாக இவர்களுக்கு இத்தனை விதமான குரல் இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். எவ்வளவு அழகாக இருந்தது! நானும் கோபப்படாமல் பேசினேன். காதுக்குள் போய் யாரால் திட்ட முடியும்?

ஃபாதர் வரும் நாளுக்கு எல்லாம் தயார் செய்தேன். யார் யாரிடம் என்ன கேட்பது, எந்தப் பத்தியை யார் வாசிப்பது, எல்லாம். உட்கார்ந்தே பதில் சொல்ல வேண்டும் என்று காலையிலும் ஒருமுறை சொன்னேன். ஃபாதர் உள்ளே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கே தோன்றவில்லை.

கதவு திறந்தது. வெள்ளை அங்கி தெரிந்ததும் வகுப்பு முழுவதும் ஒரே ஆளாக எழுந்தது. "குட் மார்னிங் ஃபாதர்! காட் பிளஸ் யூ ஃபாதர்!" என்று ராகம் போட்டு முடிப்பதற்குள் எல்லா ஒயரும் ஒரே நேரத்தில் இழுபட்டன. தடுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. டப்பா என் மேசையைத் தாண்டி, தரையில் விழுந்து, மூடி ஒரு பக்கமும் உள்ளே இருந்தவை ஒரு பக்கமுமாகக் கிடந்தது. ஒருத்தியின் ஹெட்போன் ரிப்பனில் மாட்டிக்கொண்டு தோளில் தொங்கியது.

எனக்கு வந்த கோபத்தில் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

ஃபாதர் தரையையும் என்னையும் பார்த்தார். "பரவால்ல டீச்சர், பரவால்ல. அப்புறம் பேசிக்கலாம்" என்றார். டீ வரவழைத்துவிட்டுப் பேசுகிற குரல் அது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆபீஸ் ஜன்னல் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் மணி அடிக்க நேரம் இருந்தது. இதுதான் கடைசி வகுப்பு என்றால் இதையாவது முழுசாக நடத்திவிட்டுப் போகலாம் என்று ஒரு வீம்பு. "உட்காருங்கள்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர்கள் உட்கார்ந்தார்கள். கீழே விழுந்த ஹெட்போன்களைத் தேடி எடுத்து, தூசியைத் தட்டி, மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டார்கள். ஒயர்கள் அறுந்து மடியில் தொங்கின. ஒன்றிலும் எதுவும் கேட்காது என்று யாருக்கும் தோன்றவில்லை. பழக்கம். முன்னால் சாய்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தார்கள். தரையில் ஒரு பேனா உருண்டால்கூடக் கேட்டிருக்கும்.

கடைசி பெஞ்சில் இருந்தவளின் பெயரைச் சொல்லி, பாடத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டேன், என்னிடம் மிச்சம் இருந்த அந்தக் கொஞ்சக் குரலில். அவள் செத்துப்போன மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். முன் வரிசையில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அடுத்தவளைக் கேட்டேன். அவளும் சொன்னாள். நான் ஒரு பத்தியை வாசித்தேன், அவர்கள் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டே வந்தார்கள். ஃபாதர் பின் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு பெஞ்சுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் நடந்து என்னிடம் வந்தார்.

"டீச்சர்" என்றார். அவர் குரலும் இறங்கியிருந்தது. "நீங்க பேசறது கடைசி வரைக்கும் கேக்குது. ஆபீஸுக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். அவரே பதறிப்போய்த் திரும்பி, "வேணாம், வேணாம், உக்காருங்க!" என்று இரண்டு கையையும் காட்டிவிட்டுப் போனார்.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை, அத்தனை பேரும் காத்திருந்தார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பெண்ணின் பெயரைச் சொன்னேன்.