சுவரோரத்துக் குளம்

பகல் முழுக்க ஆபீஸில் சாக்கடைக்கும் பாலத்துக்கும் கோடு போட்டுவிட்டு, சாயங்காலம் ரோஜாவுக்கும் தாமரைக்கும் கோடு போட வேண்டியிருந்த காலம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. புதுச்சேரியில் பொது வேலைகளுக்கு வரைபடம் போடுகிறவனாக இருந்தேன். ஊர்ப் பெரியவர்கள் சிலர் கூடி, நகரத்துக்கு மேற்கே எங்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டிச் சும்மா கிடந்த புறம்போக்கில், ஊருக்கென்று ஒரு செடிகொடித் தோட்டம் போடுவது என்று தீர்மானித்தார்கள். சர்க்கார் தோட்டம் ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்டவர்களுக்கு, அது வெள்ளைக்காரன் வைத்தது, இது நாம் வைப்பது என்று பதில் சொன்னார்கள். கோமித்தே என்று ஒரு குழு அமைந்தது. குழு அமைந்தால் பிளான் வேண்டும். பிளான் என்றால் என் தலை. சம்பளம் கிடையாது, காப்பி உண்டு.

கூட்டம் தலைவர் வீட்டு மாடியில் நடக்கும். தலைவர் சைகோனில் கோர்ட்டு உத்தியோகம் பார்த்துவிட்டுப் பான்சியோன், அதாவது பென்ஷன், வாங்கிக்கொண்டு திரும்பியவர், எங்களைப் போலக் கிறிஸ்தவர். ஊரே அவரை முசே என்றுதான் கூப்பிடும். பெஞ்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள். பெரிய வீட்டில் தனியாக இருந்தார். அதனால் கூட்டத்தைச் சீக்கிரம் முடிக்கும் அவசரம் அவருக்கு இல்லை. கோமித்தேயில் மற்ற இரண்டு பேரில் ஒருவர் மருந்துக் கடை வைத்திருந்தவர், இன்னொருவர் லாஸ்பேட்டைப் பக்கம் நிலபுலம் உள்ள ரெட்டியார். மருந்துக் கடைக்காரருக்கு மூலிகைப் பகுதி வேண்டும். ரெட்டியாருக்குப் பழமரங்கள் வேண்டும். முசேவுக்கு நான்கு பருவங்கள் வேண்டும்.

இதைச் சொன்னால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. பிரான்சில் ஏதோ ஒரு தோட்டத்தில் வசந்தத்துக்கு ஒரு பகுதி, கோடைக்கு ஒன்று, இலையுதிர்காலத்துக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று பிரித்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதையே இங்கேயும் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதம். இலையுதிர்காலம் என்று அவர் சொல்லும் மாதங்களில் நம் ஊரில் மழை கொட்டும், காஞ்சதெல்லாம் துளிர்க்கும். இலை கொட்டுவதோ மாசி பங்குனியில், அதாவது அவருடைய வசந்தத்தில்.

"நமக்கு மூணே காலந்தான் முசே," என்றார் ரெட்டியார். "வெயிலு, மழ, மழ வரலியேன்னு வானத்தப் பாக்கறது. மூணுக்கும் பாத்தி போடச் சொல்லுங்க, போட்டுடலாம்."

முசேவுக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்குக் காப்பி வரவில்லை.

நான்கு பருவங்களை நான்கு தடவை வரைந்தேன். பிறகு அவரே களைத்துப்போய் விட்டுக்கொடுத்தார். நிழல் மரங்கள், மூலிகை, பழம், பூசைக்கான பூக்கள் என்று பகுதிகள் மாறின. பூசைப் பூவில் சண்டை வரும் என்று பயந்தேன். கோவிலுக்கு அரளி வேண்டும் என்றார் ரெட்டியார், மாதா பீடத்துக்கு லில்லி வேண்டும் என்றார் முசே, இரண்டையும் ஒரே பாத்தியில் வைத்துவிட்டு இரண்டு பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். சண்டை எங்கே வரும் என்று நாம் நினைக்கிறோமோ அங்கே வருவதில்லை.

எனக்குச் சண்டை வந்தது குளத்தில்.

தோட்டம் என்றால் தண்ணீர்ப் பகுதி இல்லாமல் எப்படி? தாமரை, அல்லி, கோரை, கரையில் தாழை. சைகோன் பக்கத்தில் அவர் பார்த்த குளங்களைப் பற்றி முசே ஒரு மணி நேரம் பேசினார். எழுந்து வந்து, என் பென்சிலை வாங்கி, கல்லறைச் சுவரோரமாக நீளவாக்கில் ஒரு குளத்தைப் போட்டார். நிலம் அந்தப் பக்கம்தான் தாழ்ந்திருந்தது. குளம் வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்பது வரைபடம் போடுகிற எனக்குத் தெரியாமலா இருக்கும்?

அந்தச் சுவரோரத்தில் என் மகள் இருந்தாள்.

பிறக்கும்போதே மூச்சில்லை அவளுக்கு. மருத்துவச்சி கிண்ணத்தில் தண்ணீரோடு நின்றிருந்தாள்; கொஞ்சம் அசைந்தால் போதும், தலையில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். அசையவில்லை. மருத்துவச்சி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்பது அந்தக் காலத்து ஒழுங்கு. சாமியார் நல்ல மனுஷர்தான், அவரும் என்ன செய்வார்? சுவருக்கு வெளியே அடக்கம் பண்ணிக்கொள் என்றார். உச்சி வெயிலில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, பழைய புடவை ஒன்றில் சுற்றி நானே தூக்கிக்கொண்டு போனேன். நானே வெட்டி நானே மூடினேன். மணி அடிக்கவில்லை, பாட்டு இல்லை, சிலுவை நடக்கூடாது. பக்கத்தில் ஒரு நுணா மரம் நின்றது. அதை அடையாளம் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மனைவி அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. அப்போது பாயைவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். பிறகு போகவில்லை, எருக்கும் காரையும் மண்டிக் கிடந்த அந்தப் பொட்டலுக்கு ஒரு பெண்பிள்ளை என்ன காரணம் சொல்லிக்கொண்டு போவாள்? கல்லறைத் திருநாளன்று உள்ளே போய்த் தன் அப்பாவின் குழிக்கு மாலை போட்டு மெழுகுவர்த்தி கொளுத்துவாள். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வந்துவிடுவோம். பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கேட்டால் இரண்டு என்று சொல்லுவோம், அவளுக்குப் பின்னால் பிறந்த இரண்டு பேரை மட்டும்.

பிளானில் குளம் வந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு, "தண்ணிக்குள்ள வுட்டுடாதீங்க," என்றாள். அவ்வளவுதான்.

தண்ணீர் பிறகு. அதற்கு முன்னால் மண்வெட்டி இருக்கிறது. ஆள் உயரத்துக்குத் தோண்டுவார்கள், தோண்டிய மண்ணைக் கட்டை வண்டியில் ஏற்றிப் பாதை மேடாக்கக் கொட்டுவார்கள். அந்த மண்ணில் எது இருந்தாலும் யார் பார்க்கப்போகிறார்கள்? நான் இதை அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் குளத்தைச் சுவரிலிருந்து விலக்கிக் கிழக்கே நகர்த்திக் கொண்டுபோனேன். கல்லறைச் சுவரில் ஈரம் ஏறும் என்றேன். "செவுத்துலேருந்து ரெண்டடி தள்ளி வெட்டிக்கலாம்," என்று முசே மறுபடியும் மேற்கே இழுத்துவிட்டார். அதற்கடுத்த தடவை கொசுவைச் சொன்னேன். மருந்துக் கடைக்காரர், மீன் விட்டால் கொசு வராது என்று நீளமாக விளக்கினார். இன்னொரு தடவை, கிழக்கு மேட்டில் இருந்த கேணிக்குப் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் பாய்ச்சச் சௌகரியம் என்றேன். ரெட்டியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்னா தம்பி, படிச்ச புள்ள பேசற பேச்சா இது? மேட்டுல கொளம் வெட்டுவாங்களா? மழத்தண்ணி பூரா அந்தப் பள்ளத்துக்குத்தான ஓடுது."

அவர் சொன்னது நியாயம். நான் சொன்னது எல்லாம் பொய். பொய்க்கு முட்டுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோனேன். காலையில் ஆபீஸ், சாயங்காலம் மாடி, ராத்திரி அரிக்கேன் விளக்கில் அழித்து எழுதுகிற வேலை. ஒரு காகிதத்தை எத்தனை தடவைதான் அழிப்பது? குளம் இருந்த இடம் தேய்ந்து மெலிந்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கி எங்க வந்துச்சு?" என்று கேட்பாள் மனைவி. மேற்கே என்பேன்.

உள்ளதைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று தோன்றும். சொல்ல வாய் வராது. ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைகளைப் பற்றி எங்கள் ஜனங்களுக்குள் பேசுகிற வழக்கம் இல்லை. பேசினால் அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் கெட்ட பேர். என்ன பாவமோ, என்ன சாபமோ என்று வாயில் வந்ததைச் சொல்லுவார்கள். என் மனைவியைத் தெருவில் நாலு பேர் அப்படிப் பார்ப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது. அதற்குப் பொய்யனாக, மேட்டில் குளம் வெட்டுகிற முட்டாளாக இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

கோரிமேட்டிலிருந்து செம்மண் வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. ஆட்கள் பேசியாகிவிட்டது. பிளானை மையில் எழுதிப் பிரதி எடுக்கும் துணியில் ஏற்றிக் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசிக் கூட்டத்துக்கு எல்லாப் பகுதிகளையும் மையில் போட்டுக்கொண்டு போனேன், குளத்தைத் தவிர. அந்த இடம் பென்சிலில்கூட இல்லாமல் வெறுமையாக இருந்தது.

முசே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கொளம் எங்கடா?" என்றார். என் வயதுக்கு அவர் என்னை வாடா போடா என்பது சகஜம்தான். ஆனால் அன்றைக்கு அந்த 'டா'வில் நிஜமாகவே கோபம் இருந்தது. "ஆறு மாசமா நானும் பாக்கறேன். ஒனக்கும் அந்தக் கொளத்துக்கும் என்னா பகை?"

எனக்கு அப்போது தைரியம் எல்லாம் வந்துவிடவில்லை. அலுப்புதான் வந்தது. இன்னொரு பொய் யோசிக்க என்னிடம் தெம்பு இல்லை.

"எம் பொண்ண அங்கதான் பொதச்சிருக்கேன் முசே," என்றேன். "ஞானஸ்நானம் இல்லாம போச்சு. செவுத்துக்கு வெளியில வச்சேன்."

ரெட்டியார் வெற்றிலைச் செல்லத்தை மெதுவாக மூடினார். மருந்துக் கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முசே மட்டும் பிளானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்த எடம்?" என்று கேட்டார்.

விரலை வைத்துக் காட்டினேன். அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய விரல் என் விரலுக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, சுவர்க் கோட்டின் மேலே வடக்குக் கோடி வரைக்கும் போய், திரும்பித் தெற்குக் கோடிக்கு வந்தது. எங்கேயும் நிற்கவில்லை.

"எங்களுதும் அங்கதான் இருக்குது," என்றார். "ஆம்பளப் புள்ள. நான் அப்ப சைகோன்ல. மச்சான்தான் கொண்டுபோய் வச்சிருக்கான். லீவுல வந்தப்ப எங்கன்னு கேக்கல நானு. பெஞ்சாதியும் சொல்லல. இப்ப ரெண்டு பேரும் இல்ல." கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒனக்காவது எடம் தெரியுது," என்றார்.

குளத்தை அந்தச் சுவரோரத்தில் போட்டவர் அவர்தான். பிள்ளை அந்தப் பக்கம் எங்கோ இருக்கிறது என்று தெரிந்தே போட்டாரா, இல்லை அத்தனை வருஷமாக அதை நினைக்காமலே இருந்து பழகிவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. ஆறு மாதமாக அந்த மனிதர் மேல் நான் வைத்திருந்த எரிச்சல் எல்லாம் அந்த நிமிஷத்தில் வடிந்து, பாவமாக இருந்தது.

முதலில் பேசியவர் ரெட்டியார். "மேட்டுலயே வெட்டிக்கலாம் தம்பி. ஏத்தம் போட்டு எறச்சி ஊத்திக்கலாம், என்னா இப்போ," என்றார். குளம் கேணிக்குப் பக்கத்தில் வந்தது. சின்னதாக வந்தது. சுவரோரம் முழுக்க மண்வெட்டி படாமல் புல் வளர விடுவது என்று ஆயிற்று. ஒவ்வொரு பகுதிக்கும் பிரெஞ்சிலும் தமிழிலும் தலைப்பு எழுத வேண்டும் என்பது முசேவின் கண்டிப்பான உத்தரவு. இதற்கு என்ன எழுத என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவள் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அழுகிற சத்தம் கேட்டது. நான் போகவில்லை. எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம் வந்துவிட்டது, அவ்வளவு களைப்பு.

மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் தோட்டத்தைத் திறந்தார்கள். பாண்டு வாத்தியம், ரிப்பன், பெரிய துரை ஒருவரின் பேச்சு எல்லாம் உண்டு. துரை ரோஜாவைப் பார்த்தார், அரளியைப் பார்த்தார், தாமரை இன்னும் பூக்காத குளத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கூட்டம் அவர் பின்னாலேயே போனது.

நான் மனைவியைச் சுவர்ப் பக்கம் அழைத்துக்கொண்டு போனேன். எங்களுக்கு முன்னாலேயே அங்கே பெண்கள் வந்திருந்தார்கள். கோமித்தேயில் பேசியது எப்படியோ வீட்டுக்கு வீடு போயிருக்கிறது. சிலர் கிழவிகள். வெள்ளைக்காரர் மாதிரி தொப்பி போட்ட குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள், தலையில் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டே வந்து நின்றவர்களும் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இடம் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் போய் நின்றார்கள், சிலர் உட்கார்ந்து புல்லைத் தடவினார்கள். நான் காட்டிய இடத்தில் என் மனைவி முதல்முதலாகப் போய் நின்றாள். கையில் பூ ஒன்றும் கொண்டுவரவில்லை. கொண்டுவரலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லையாம்.

துரையோடு போயிருந்த முசே எப்போது திரும்பி வந்தார் என்று தெரியவில்லை. பாதையில் நின்றுகொண்டிருந்தார். புல்லில் காலை வைப்பதும் எடுப்பதுமாக, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போய் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

என் மனைவி அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. ஓரடி நகர்ந்து இடம் விட்டாள்.

"இங்க வந்து நில்லுங்க ஐயா," என்றாள். "ரெண்டு புள்ளைக்கும் இதே எடம் ஆவட்டும்."