ஹேண்ட்பிரேக் மூடிய குழாய்

டிப்போவில் அந்த பஸ் டிரைவருக்கு ‘ஹேண்ட்பிரேக்’ என்றுதான் பெயர். சமதரையில் வண்டியை நிறுத்தினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்ட்பிரேக்கை இழுப்பார். அடுத்து ஏறுகிற டிரைவருக்கு அதை விடுவிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வீட்டிலும் அதே கைதான். அவர் மூடிய பாட்டிலை அவரே வந்து திறந்தால்தான் உண்டு. மனுஷன் தங்கம், கைதான் இரும்பு.

காலமெல்லாம் யார் யாரையோ எங்கெங்கோ கொண்டுபோய் இறக்கியவர், கட்டின மனைவியை மட்டும் எங்கும் கூட்டிப்போனதில்லை. இவருக்கு லீவு கிடைக்கும்போது அவளுக்குத் தையல் வேலை குவிந்து கிடக்கும். அவளுக்குக் கை ஒழியும்போது இவர் ரோட்டில் இருப்பார். அது அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக ஒரு பழைய கேரவனை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். உள்ளே படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அதற்கு ஒரு குழாய். கடலோரமாகவே போய்க்கொண்டிருப்போம் என்றார்.

மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “குழாயில தண்ணி வரணும். வரலேன்னா நான் வரமாட்டேன்,” என்றாள்.

வந்துகொண்டுதான் இருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் திறந்தால் ஒரு சொட்டு இல்லை. வண்டிக்கு அடியில் உள்ள தண்ணீர் டேங்கில் ஒரு சின்ன பம்ப் இருக்கிறது. குழாயைத் திறந்ததும் அது முனகிக்கொண்டு தண்ணீரை மேலே தள்ள வேண்டும். இன்று அதற்கு மூச்சுப் பேச்சே இல்லை.

டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தது. விளக்குகள் பளிச்சென்று எரிந்ததால் பேட்டரியிலும் குறையில்லை. ஃப்யூஸும் போகவில்லை. அப்படியென்றால் பம்ப்தான் என்று முடிவுகட்டி, கடைக்கு ஓடிப் புதுப் பம்ப் வாங்கிவந்து, முட்டிவலியோடு படுத்துப் புரண்டு மாட்டினார். குழாயைத் திறந்தார். புதுசும் வாயைத் திறக்கவில்லை.

கேரவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பயணம் தள்ளிப்போவதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வராமலிருக்க இவள் ஒரு சாக்குத் தேடினாள், அதை நானே கையில் கொடுத்துவிட்டேனே என்றுதான் நொந்துகொண்டார்.

கழுத்தில் அளவு டேப்பும் கையில் கத்தரிக்கோலுமாக மனைவி வந்தாள். “என்ன ஆச்சு?”

“பம்ப்ப மாத்தியும் ஓடல. நாளைக்குப் போறதா இல்ல. நீ நினைச்ச மாதிரியே ஆயிடுச்சு, போ.”

“நான் என்ன நினைச்சேன்னு உங்களுக்கு யாரு சொன்னா? அது இருக்கட்டும், குழாயத் திறந்தது பம்ப்புக்கு எப்படித் தெரியும்?”

“குழாய்லயே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு. திறந்தா கரண்ட் போகும்.”

“அப்ப என் மெஷின் மாதிரிதான். மிதிய அழுத்தினா மோட்டார் சுத்தும். சுத்தலேன்னா நான் மோட்டார் பக்கமே போகமாட்டேன். முதல்ல மிதியோட ஒயரத்தான் பார்ப்பேன். அதுதானே காலடியில கிடந்து மிதிபடுது?”

தையல் மெஷின் வேறு, இது வேறு என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் அவரைத் தாண்டி வண்டிக்குள் ஏறிவிட்டாள்.

அவள் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். “டார்ச்சக் காட்டுங்க. ஏங்க, இந்தக் குழாய் அடியோட சுத்தியிருக்கு. ஒயர் முறுக்கிக்கிட்டுப் பிஞ்சு தொங்குது. யாரு இத இப்படி இறுக்கி மூடினது?”

அந்த வண்டியில் புழங்கியதே இரண்டு பேர்தான். அவர் கூரையைப் பார்த்தார்.

ஃப்யூஸைக் கழற்றிவிட்டு அவர் டார்ச் பிடித்தார். அவள் கத்தரிக்கோலால் ஒயரின் தோலைச் சீவி, நூலுக்கு முறுக்கேற்றுவதுபோல் முறுக்கிச் சேர்த்து, இன்சுலேஷன் டேப் சுற்றினாள். குழாயை நேராக்கினாள். ஃப்யூஸ் திரும்பப் போனது. குழாயைத் திறந்ததும் கீழே பம்ப் முனகியது. குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு, அவர் சட்டையெல்லாம் நனையத் தண்ணீரைத் துப்பியது. ஒரு பாவமும் அறியாத பழைய பம்ப் படியில் கிடக்க, இருவரும் சிரி சிரியென்று சிரித்தார்கள்.

சட்டை மாற்ற வீட்டுக்குள் போனவர் தையல் மெஷின்மேல் சின்னச் சின்னத் திரைகள் மடித்திருப்பதைப் பார்த்தார். வீட்டு ஜன்னல் எதற்கும் அவை போதாது. எடுத்துவந்து கேரவன் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது.

“இத எப்ப தைச்ச?”

“வண்டி வந்த அன்னிக்கே அளவெடுத்துட்டேன். நீங்க டயரத் தட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க.”

“அப்புறம் ஏன் தண்ணி வரலேன்னா வரமாட்டேன்னு சொன்ன?”

“சொல்லலேன்னா குழாய எங்க பார்த்திருக்கப் போறீங்க? போற வழியில பார்த்துக்கலாம்னு கிளப்பியிருப்பீங்க.”

ஊர் சுற்றும் ஆசையே இவளுக்குக் கிடையாது என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். இப்போது கேட்டார். “முதல்ல எங்க போகணும்?”

“கடலுக்குத்தான். நீங்க தினம் பஸ்லேர்ந்து பார்த்துட்டு வந்து சொல்லுவீங்களே, அந்தக் கடல்.” அவள் குழாயில் கை கழுவிக்கொண்டு நகர்ந்தாள். “மூடிடுங்க.”

முந்தானையிலேயே கை துடைக்கிற அவளைப் பார்த்துக்கொண்டே, அவர் குழாயை இரண்டு விரலால் மெல்லத் திருப்பினார்.